குளிரைத் தாங்கிய செடி காற்றில் காய்ந்துபோவது ஏன்?

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். குளிர்காலம் முடியும்போதெல்லாம் ஒரே வருத்தத்தைக் கேட்கிறேன்: "குளிர் தாங்கும் செடி என்றுதானே வாங்கினோம், எப்படிக் காய்ந்தது?" திறந்தவெளித் தோட்டங்களில் பல செடிகள் தாகத்தில்தான் சாகின்றன. மண் உறைந்துவிட்டால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. ஆனால் இலை உதிர்க்காத செடியிலிருந்து வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றடிக்கும் பக்கத்து இலைகள் முதலில் பழுப்பாவதைக் கவனித்துப் பாருங்கள்.

நர்சரி லேபிளில் போட்டிருக்கும் குளிர் மண்டல எண் இதைச் சொல்லாது. அமெரிக்க வேளாண் துறையின் 13 மண்டலங்களும் ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்துப் பிரித்தவை. உங்கள் மேட்டில் வீசும் காற்றுக்கு அதில் கணக்கில்லை.

அதனால் எண்ணோடு செடியின் உடல்வாகையும் பாருங்கள். ஊசி இலை, மெழுகு பூசியது போன்ற இலை, மெல்லிய ரோமம், தரையோடு படரும் வளர்ச்சி, இதெல்லாம் ஈரத்தைக் காக்கும் வழிகள். முகோ பைன், ஜூனிபர், சதைப்பற்றுள்ள இலைகொண்ட செம்பர்விவம் போன்றவை இப்படித்தான் தாக்குப்பிடிக்கின்றன. பிர்ச், ரோவன், ஹாத்தார்ன் மரங்கள் இலையையே உதிர்த்துவிடும். ரோசா ருகோசா என்ற ரோஜா வகை உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் ஐரோப்பியக் கடற்கரை மணல்மேடுகளில் அது கட்டுமீறிப் பரவியிருக்கிறது, அங்கே நட வேண்டாம்.

அப்புறம், நான் திரும்பத் திரும்பச் சொல்வது: சிறிய செடியாக வாங்குங்கள். ஆளுயர மரம் வேண்டும் என்று கேட்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. நட்ட அன்றே தோட்டம் நிறைந்து தெரியும். ஆனால் காற்று அதைப் பிடித்து ஆட்ட ஆட்ட, புதிதாக விடும் வேர்கள் அறுந்துபோகும். தண்டைச் சுற்றி மண்ணில் ஒரு குழி விழும், அதில் தண்ணீர் தேங்கி உறையும். முழங்கால் உயரக் கன்று முதலில் வேரைப் பிடித்துக்கொள்கிறது. சில ஆண்டுகளில் அது பெரிய மரத்தை முந்திவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். பெரிய மரம்தான் வேண்டுமென்றால் முட்டுக்கொம்பை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கட்டுங்கள். மேல்தண்டு கொஞ்சம் ஆடினால்தான் தடிக்கும்.

காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பாதீர்கள். அதில் மோதி மேலே ஏறும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் வேலியோ வலையோ, தன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். உயிர்வேலி வளரும்வரை வலை போதும்.

லாவெண்டர் போன்றவற்றுக்குக் குளிரைவிட ஈரம் தேங்கும் மண்தான் எமன். மேடாக்கி, சரளை கலந்து நடுங்கள். கோடை முடியும் நேரத்தில் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள், இளந்தளிர்தான் உறைபனியில் முதலில் கருகும். மண் உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் கன்றுகளின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள்.