முகத்தை மறைத்தால் போதுமா?

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சியின் நடப்பு விவகார நிகழ்ச்சிகளில் வேலை பார்த்தவன் நான். "புலனாய்வுச் செய்தியே வருவதில்லையே, பயமா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயமும் உண்டு. இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கிறது, 2019 முதல் இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டமும் இருக்கிறது. இலவசத் தொலைக்காட்சி நடத்துவது மீடியாகார்ப் மட்டும்தான். ஒரு நிலையம் விட்டதை இன்னொன்று தூக்கிக் காட்டும் என்ற போட்டியும் இல்லை. ஆனால் நான் பார்த்த வரையில், பல கதைகள் சட்டம் வரைக்கும் போகவே இல்லை. கேமராவிடமே நின்றுவிட்டன.

பத்திரிகைக்கு "ஓர் ஊழியர் சொன்னார்" போதும். டிவிக்கு அந்த ஊழியரே வேண்டும். ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் ரூபாய் கொடுத்து வந்த தஞ்சாவூர், சிவகங்கைத் தம்பிகள் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். கேமராவோடு வருகிறோம் என்றால், "வேணாம்ணே, பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா ஊருக்குப் போயி எப்படிண்ணே கடனை அடைக்கிறது?" அவர்கள் கணக்கு சரிதான். முதலாளி நினைத்தால் வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிடலாம்.

சரி, முகத்தை மறைத்தால்? கூட வேலை செய்பவர்கள் குரலை வைத்தே கண்டுபிடிப்பார்கள். நடை, கையில் கட்டிய கயிறு, கட்டிலுக்குப் பின்னால் தொங்கும் துண்டு, எது வேண்டுமானாலும் காட்டிக்கொடுக்கும். பேட்டி கொடுக்கும் முன்பே கேளுங்கள்: என் குரலை மாற்றுவீர்களா, வேறொருவரைப் பேச வைப்பீர்களா? வெட்டாத பதிவை யார் யார் பார்ப்பார்கள்? முதலாளியிடம் பதில் வாங்கும்போது என்ன சொல்லிக் கேட்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. எதிர்த்தரப்பிடம் கேட்காமல் போடும் செய்தி செய்தியே இல்லை. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனியில், "செப்டம்பர் சம்பளம் பாக்கியாமே?" என்று கேட்டாலே சொன்னது யார் என்று தெரிந்துவிடும்.

அதோடு, டிவியில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சம்பளப் புகாருக்குக் கெடு உண்டு. வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் போக வேண்டும். இங்குள்ள ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது: ஓராண்டு பெர்மிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் கறப்பது குற்றம். ஊரிலேயே ரொக்கமாகக் கைமாறிய பணத்துக்கு ரசீது இருக்காது. அங்கேதான் எங்கள் கதைகளும் முட்டி நின்றுபோகும்.

ஆளைவிடக் காகிதத்தை நம்பலாம் என்பது என் கட்சி. தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். தொடங்கியது 2004இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை. அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி அவதூறு வழக்குப் போட, அவர் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது 2005 ஜூலையில் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது. கேமரா கண்டுபிடித்த கதை அல்ல அது.

இன்றைக்கு ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் யார் என்று பார்க்க, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் ஐந்தரை வெள்ளி போதும். அறநிறுவனங்களின் ஆண்டறிக்கை, நீதிமன்றத் தீர்ப்புகள், தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. தமிழ்ச் செய்தியில் இவற்றைத் துருவுவது குறைவு. இவற்றை வைத்து ஒரு கதை கொண்டுபோனால், மேலே இருப்பவர் முதலில் கேட்பது "விஷுவல் எங்கே?" (இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குக் கோபம் வரும்.)

காகிதம் என்றதும் அலுவலக ஆவணத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அரசாங்க ரகசியமாக இருந்தால் அனுப்பியவரோடு வாங்கியவரும் மாட்டலாம். பொருளாதார வளர்ச்சி மதிப்பீட்டை முன்கூட்டியே வெளியிட்ட பிசினஸ் டைம்ஸ் வழக்கில், 1994இல் பத்திரிகையாளர்களுக்கும் அபராதம் விழுந்தது.