‘சும்மா ஒரு வெப்சைட்’டுக்கு எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. முதல் போனிலேயே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, சும்மா ஒரு வெப்சைட்டுக்கு எவ்வளவு ஆகும்?” அதே போனில் ஒரு தொகையைச் சொல்லிவிடுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். என்ன வேலை என்றே தெரியாமல் சொன்ன விலை, ஒன்று அவர் கையைக் கடிக்கும், இல்லையென்றால் உங்கள் கையை.

டர்பனில் தமிழர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடை முகவரி, திறக்கும் நேரம், வாட்ஸ்அப் எண், நாலு படம் போதும் என்றால் அது சில நாள் வேலை. “அப்படியே ஆன்லைனிலும் விற்கலாமே” என்று கடைக்கார ஆன்ட்டி ஒரு வார்த்தை சேர்த்தால் கதையே வேறு. ஒவ்வொரு புடவைக்கும் படம் யார் எடுப்பது? விற்றுப்போன புடவையைப் பக்கத்திலிருந்து யார் எடுப்பது? பணம் வாங்க பேஃபாஸ்ட் மாதிரி ஒரு சேவையை இணைக்க வேண்டும், கூரியர் கட்டணம் கணக்கிட வேண்டும். வாங்குபவரின் பெயரும் முகவரியும் நம் கையில் சேர்வதால், 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவையும் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கோயில் வேலையில் வேறு விதமான சிக்கல். காவடித் திருவிழா நிகழ்ச்சி நிரலைத் தமிழிலும் போட வேண்டும் என்பார்கள். கமிட்டியிடம் இருக்கும் கோப்பு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய ஏதோ ஓர் எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் முருகன் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை மாற்றி, மாற்றியதில் விட்டுப்போன கால்களையும் கொம்புகளையும் சரிபார்க்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். இதை டிசைன் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது, தனி வரியாகப் போட வேண்டும். ஏன் அந்தத் தொகை என்று கமிட்டி அங்கிளுக்குப் புரிந்தால், அடுத்த வருடம் யாராவது இளைஞரை விட்டு யூனிகோடிலேயே தட்டச்சு செய்து தருவார். அவருக்கும் செலவு மிச்சம்.

நியாயமான விலை என்றால் என்னைப் பொறுத்தவரை உடைத்துச் சொன்ன விலை. அது குறைந்த விலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. டிசைன் இவ்வளவு, எழுத்து வேலை இவ்வளவு, வெப்சைட்டை இன்டர்நெட்டில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் இவ்வளவு, திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு.

அந்த மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது? கையில் மாதம் 30,000 ராண்ட் நிற்க வேண்டும், இன்டர்நெட், மென்பொருள், கம்ப்யூட்டர் தேய்மானத்துக்கு 6,000 ராண்ட் போகும் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். மாதம் 160 மணி நேரம் உட்கார்ந்தாலும் பில் போடக்கூடியது பாதி தேறினாலே பெரிய விஷயம். மீதி நேரம் போன், கொட்டேஷன், பணத்துக்கு நடப்பது என்று போய்விடும். ஆக 36,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 450 ராண்ட். வருமான வரி இதற்கு மேல். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் வரித்துறையான சார்ஸுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டிய வருமான வரியை ஒதுக்கி வைக்காமல் விலை சொல்பவர்தான் அந்த மாதங்களில் கிடைத்த வேலையை அடிமாட்டு விலைக்கு எடுப்பார்.

ஆனால் முழு வேலைக்கும் மணிக்கணக்கில் பில் போடுவதை நான் விரும்புவதில்லை. மெதுவாகச் செய்பவனுக்கு அதிகப் பணம், தொழில் தெரிந்து சீக்கிரம் முடிப்பவனுக்குக் குறைவு என்பது என்ன கணக்கு? மணிக்கணக்கை வைத்து உள்ளுக்குள் மதிப்பிடுங்கள், வெளியே நிலையான தொகையைச் சொல்லுங்கள்.

டாலரில் வாங்கும் தீம் (தயார் வடிவமைப்பு), ப்ளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) ஆகியவற்றுக்கு ராண்ட் விலை நிலையாக இருக்காது. கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று எழுதுங்கள். மதிப்புக் கூட்டு வரியான வாட்டுக்குப் பதிவு செய்தவர் சொல்லும் விலைக்குள்ளேயே 15 சதவீதமும் அடங்கியிருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு தனியாகக் கேட்க முடியாது. பதிவு செய்யாதவர் பில்லில் வாட் என்று ஒரு வரியே இருக்கக் கூடாது. வாடிக்கையாளர்களும் இதைக் கவனியுங்கள்.

“நம்ம கோயில்தானே, பார்த்துப் போடுங்க தம்பி.” சரி, குறைக்கலாம். ஆனால் பில்லில் முழு விலையை எழுதி, அடியில் கோயிலுக்கான கழிவு என்று காட்டிக் குறையுங்கள். கழிவை மறைத்துக் குறைந்த விலையை மட்டும் எழுதினால் அதுவே உங்கள் விலையாகிவிடும். கமிட்டியில் இருக்கும் வக்கீல் தன் ஆபீஸ் வெப்சைட்டுக்கும் அதையே எதிர்பார்ப்பார்.

டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், விஷயம்தான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். விலை மலிவு என்று ஒருவரிடம் போவார்கள். அவர் ‘கோ.இசட்.ஏ’ என்று முடியும் அந்தப் பெயரைத் தன் பெயரிலேயே பதிந்துகொள்வார். இரண்டு வருடம் கழித்து வேறு ஆளிடம் மாறலாம் என்றால், கேட்ட பணத்தைக் கொடுத்தால்தான் பெயர் கைக்கு வரும். டொமைன் முதல் நாளிலிருந்தே கடைக்காரர் பெயரில், அவர் ஈமெயிலில் இருக்க வேண்டும். டிசைனின் உரிமையிலும் கவனம் வேண்டும்: 1978-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையெழுத்தோடு மாற்றிக்கொடுத்தால்தான் அது கைமாறும். ஆகவே ‘முழுப் பணமும் வந்ததும் உரிமை உங்களுக்கு’ என்ற வரியைக் கொட்டேஷனிலேயே போட்டு, டெபாசிட் வாங்கும்போதே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.