பஸ் நாடகம் வேண்டாம், டீச்சர்

நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். பள்ளி இருப்பது வட சென்னையில், காசிமேட்டுக்கும் புதுவண்ணாரப்பேட்டைக்கும் நடுவில். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மீன்பிடித் துறைமுகத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 10, மனித உரிமை நாள். அமெரிக்காவில் வெள்ளையருக்காகப் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், அவர் கதையை நாடகமாகப் போட்டேன். பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டால் பஸ். ஒரு பையன் டிரைவர். ரோசாவாக நடிக்க யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? வகுப்பிலேயே கறுத்த நிறமுள்ள பிள்ளையை. யோசிக்கக்கூட இல்லை, கை தானாக அவள் பக்கம் நீண்டது. அழகாக நடித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் முதல் அவள் எங்கே உட்கார்ந்தாலும் "ஏய் எய்ந்திரு, இது உன் சீட்டு இல்ல" என்று பையன்கள் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் அவள் அம்மா வந்து நின்றார். "வூட்ல சொந்தக்காரங்களே கருப்பின்னு கூப்புடுறாங்கன்னு அழுவும் மிஸ். இப்ப இஸ்கூல்லயும் கூப்புடுறாங்களாம்." அந்த அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நாடகத்தில் ரோசாவுக்கு ஒரே ஒரு வசனம்தான். விரட்டுகிறவர்களுக்கோ பத்து வசனம். ஒன்பது வயதுப் பிள்ளைகள் எதை மனப்பாடம் செய்திருப்பார்கள்? அன்றோடு நடிப்பை நிறுத்திவிட்டேன். தீண்டாமையையோ நிறவெறியையோ நடித்துக் காட்டும்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

இப்போது கரும்பலகையில் பஸ்ஸை மட்டும் வரைகிறேன். மான்ட்கோமரி நகரம், 1955 டிசம்பர் 1. முன்வரிசைகள் வெள்ளையருக்கு, பின்வரிசைகள் கறுப்பினத்தவருக்கு. நடு வரிசையில் கறுப்பினத்தவர் உட்காரலாம். ஆனால் முன்பக்கம் நிரம்பிவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஒரே ஒரு வெள்ளையர் நின்றுகொண்டிருந்தார், அதற்காக நான்கு பேரை எழச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். "ஒருத்தருக்கு ஒரு சீட்டு போதுமே மிஸ், நாலு பேர் எதுக்கு எய்ந்துக்கணும்?" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. இந்த விதியை யார் போட்டது? யாருக்கு வசதி? யார் மாற்றினார்கள்?

பார்க்ஸ் கால் வலித்ததால் எழவில்லை என்று இன்னமும் சில ஆசிரியர்கள் சொல்லக் கேட்கிறேன். அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உள்ளூர்க் கிளைச் செயலாளர். பல வருடமாக அந்த வேலையிலேயே இருந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் எழ மறுத்துக் கைதானாள். பார்க்ஸ் கைதான பிறகு ஊரின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போன நான்கு பெண்களில் கால்வினும் ஒருத்தி. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு களைத்த அம்மா எழவில்லை, உலகம் மாறிவிட்டது என்று முடித்தால், சேர்ந்து செய்த வேலை முழுவதும் பிள்ளைகள் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

மகாராஷ்டிரத்தில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தண்ணீர் எடுக்க விடாத மகாத் ஊர்க் குளத்தை எடுத்தால் எங்கள் வகுப்பில் விளக்கமே தேவைப்படாது. தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு ஓடுகிற பிள்ளைகள் இவர்கள். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய் அள்ளிக் குடித்தபோது அடி விழுந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. "காயிதத்துல எய்தியாச்சே மிஸ், அப்பறம் ஏன் உடல?" என்றான் ஒருவன். அதற்கு அரை மணி நேரம் பேசினோம்.

சமத்துவம், சமநீதி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவும் பஸ்ஸில்தான் வந்தது. 2021இலிருந்து சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "எங்கம்மாக்கு ஃபிரீ, எங்கப்பாக்கு மட்டும் ஏன் காசு? அது சமமா?" என்றான் ஒரு பையன். உடனே ஒரு சிறுமி, "எங்கம்மா முன்னாடி காசு இல்லன்னு நடந்தே மீன் கூடையத் தூக்கிகினு போவும்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது ஒன்று, தேவை பார்த்துக் கொடுப்பது இன்னொன்று என்று அவர்களே பேசி வந்து சேர்ந்தார்கள். அந்தப் பையன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் பரவாயில்லை.

சக ஆசிரியர்களிடம் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவைப் பாடமாக நடத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து "ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு, எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்? படிவத்தைப் பெற்றோரைக் கூப்பிட்டுத் தனியாகக் கொடுக்கலாம். நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. நான் அதையே வாரா வாரம் ஒரு வரிசை நகர்த்துகிறேன். கூட்டுவது பெண் பிள்ளைகள், தண்ணீர் கேன் தூக்குவது ஆண் பிள்ளைகள் என்ற வழக்கத்தையும் எடுத்தாயிற்று, பட்டியல்படி எல்லோரும் இரண்டும் செய்கிறார்கள். கழிவறை கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பவே கூடாது. "இழுத்துக்கொண்டு" என்பதை "இஸ்துகினு" என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. பாட நூல் தமிழைக் கற்றுக்கொடுக்க அந்தச் சிரிப்பு வேண்டியதே இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதியால் பிரிந்து நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சங்கம் பிறந்த கதையை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்கிறேன். தீ வைத்த கதையைச் சொல்வதில்லை. அது இன்னும் பெரிய பிள்ளைகளுக்கானது. ஆனால் இங்கே பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

போன வருடம் வகுப்பு விதிகளையே பிள்ளைகள் கையில் கொடுத்தேன். "தாமதமாக வந்தால் வெளியில் நிற்க வேண்டும்" என்பது நான் எழுதி ஒட்டிய விதி. ஒரு சிறுவன் வாரத்தில் மூன்று நாள் வெளியில்தான் நின்றான். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க அவன் அம்மா துறைமுகம் போய்விடுவார். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவான். எனக்கு அது தெரியாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அன்று கையெழுத்து கோணல்மாணலாக ஒரு புது விதி எழுதி ஒட்டினார்கள்: "லேட்டா வந்தா உள்ள வரலாம். பக்கத்துல இருக்கறவங்க புக்ல எந்தப் பக்கம்னு காட்டணும்."