மாம்பழத்துக்கு ஏன் பெரிய எழுத்து போட்டான்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் டியூஷன் வகுப்புக்கு வரும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் போன மாதம் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். பாட்டி வீட்டுக்குப் போய் மாம்பழம் சாப்பிட்ட கதை. 'மேங்கோ' வரும் இடமெல்லாம் பெரிய 'எம்'. 'பினாங்' வரும் இடத்தில் சின்ன 'பி'. சிவப்புப் பேனாவால் வட்டம் போடப் போனவள், நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"மேங்கோவுக்கு ஏம்பா பெரிய எழுத்து போட்ட?"

"மா சிறப்புப்பெயர்னு தாத்தா சொன்னாங்க டீச்சர்."

தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் சொன்னதில் பிழையே இல்லை. நன்னூல் இலக்கண வழியில் 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர், 'மா', 'பலா' இடுகுறிச் சிறப்புப்பெயர். 'பறவை' காரணப் பொதுப்பெயர், 'மரங்கொத்தி' காரணச் சிறப்புப்பெயர். காரணம் இல்லாமல் இட்டது இடுகுறி, காரணத்தோடு வந்தது காரணப்பெயர். ஒரு கூட்டம் முழுவதற்கும் வருவது பொது. அந்தக் கூட்டத்தில் ஒரு வகையைப் பிரித்துக் காட்டுவது சிறப்பு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போடும் 'ப்ராப்பர் நவுன்' வேறு; அது ஓர் ஆளுக்கோ இடத்துக்கோ பொருளுக்கோ தனியாக வைத்த பெயர். மா என்பது அங்கே ஒரு பழ வகை. சந்தையில் கிடக்கும் அத்தனை மாம்பழத்துக்கும் அதே சொல்தான். ஆகவே அது 'காமன் நவுன்', சின்ன 'எம்' போதும்.

இரண்டையும் நாம் 'சிறப்புப்பெயர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். சிக்கல் அங்கேதான். மலாய் வகுப்பில் சிறப்புப்பெயர் என்று படிக்கும் 'காத்தா நாமா காஸ்' ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும். தமிழ் எழுத்திலோ பெரியது, சின்னது என்ற பேதமே கிடையாது. மூன்று மொழிகளையும் ஒரே புத்தகப் பையில் சுமக்கும் பிள்ளையின் தவற்றைப் பல வருடம் நான் 'கவனக்குறைவு' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. இந்தப் பையன் கவனமாக யோசித்துத்தான் எழுதியிருந்தான்.

'உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் பெரிய எழுத்து' என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அதை நம்பாதீர்கள். நம் வானத்தில் சூரியன் ஒன்றுதான்; அன்றாட ஆங்கிலத்தில் அதற்குச் சின்ன 'எஸ்'தான். முத்து என்ற பெயரில் ஒரு வகுப்பிலேயே இரண்டு பேர் இருக்கலாம். இருவருக்குமே பெரிய 'எம்'. நான் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: இந்தச் சொல் என்ன வகை என்று சொல்கிறதா, அல்லது யாரோ ஆசையாக வைத்த பெயரா? நாய் என்பது வகை. வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு நீ வைத்த 'மணி', பெயர்.

பாலத்தை எடுத்துக்கொள்வோம். 'பிரிட்ஜில் டிராஃபிக் ஜாம்' என்று அப்பா தாமதமாக வந்து சொன்னால் அந்தப் 'பிரிட்ஜு'க்குச் சின்ன 'பி'. அதுவே 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தை 'பினாங் பிரிட்ஜ்' என்று எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் பெரிய 'பி'. பொதுப்பெயர் தனியாக நிற்காமல் பெயருக்குள் போய்விட்டது. 'ஹில்', 'பினாங் ஹில்' இரண்டும் இதே கதைதான். 'மை மதர்' என்றால் சின்ன 'எம்'. அம்மாவைப் பெயர் மாதிரி 'மதர்' என்றே கூப்பிட்டால் பெரிய 'எம்'. காய்ச்சலுக்குத் தரும் பேனடாலுக்குப் பெரிய 'பி', அதற்குள் இருக்கும் பாராசிட்டமோலுக்குச் சின்ன 'பி'.

நல்ல பாடம் ஒன்று நோட்டுப் புத்தக அட்டையிலேயே இருக்கிறது. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி'யைப் பாருங்கள். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கம் அது. மகன், மகள் இரண்டும் பொதுப்பெயர்கள். இரு பக்கமும் பெரிய எழுத்தில் தொடங்க, நடுவில் மட்டும் சின்ன எழுத்து வரும். அடையாள அட்டையில் எல்லாமே பெரிய எழுத்தில் இருப்பதால் இது பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. ஒருமுறை காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

கிழமை, மாதம், மொழி, பண்டிகை இவற்றுக்கு என் கேள்வி அவ்வளவாக உதவாது. எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தவற்றைத் திருத்துவதற்கு முன் 'ஏன் இப்படி எழுதினே?' என்று கேளுங்கள். பாதி நேரம் பதிலில் ஒரு நியாயம் இருக்கும்.

அந்தப் பையன் அடுத்த வாரம் கட்டுரையைத் திருத்தி எடுத்து வந்தான். பாட்டி கொடுத்தது பெர்லிஸ் ஹருமானிஸ் மாம்பழமாம். "டீச்சர், ஹருமானிஸும் மேங்கோவுல ஒரு வகைதானே? அப்ப சின்ன எழுத்தா?"

என் கேள்வியையே என்னிடம் திருப்பிவிட்டான். வகைதான், ஆனால் அந்த ரகத்துக்கென்றே மனிதர்கள் சூட்டிய பெயர் அது, அதனால் ஆங்கிலத்தில் பெரிய 'எச்', பக்கத்தில் இருக்கும் மேங்கோவுக்குச் சின்ன 'எம்' என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"அப்ப டுரியானுக்குச் சின்ன 'டி', முசாங் கிங்குக்குப் பெரிய 'எம்', பெரிய 'கே'. சரியா டீச்சர்?"