அடையாள அட்டை இலக்கத்தை வாசிப்பது எப்படி?

ஊழியர் சேமலாப நிதியை வயதின் அடிப்படையில் பெற, பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 ஆகியிருக்க வேண்டும். அந்த வயதைப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் சொல்வதில்லை, இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கமும் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் இழுபறிதான். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறும் முன் இலக்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறகு நான்கு தொடர் இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். பழைய ஒன்பது இலக்க அட்டையைப் புதிய வடிவில் எழுத முன்னால் 19ஐயும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு 0வையும் சேர்த்து, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட வேண்டும். அந்த 0வைத் தொடக்கத்திலோ முடிவிலோ போடுபவர்கள் நிறையப் பேர்.

1974 ஓகஸ்ட் 14இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1974727 என்று தொடங்கும். 500ஐக் கழித்தால் 227. ஆனால் 1974 கலண்டரில் 227ஆவது நாள் ஓகஸ்ட் 15! அட்டை பிழை என்று கிராம உத்தியோகத்தரிடம் ஓட வேண்டாம். இந்தக் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள், மார்ச் 1 எப்போதும் 61. ஜூலை முடிய 213, அதோடு 14. பெப்ரவரி 28க்குள் பிறந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. நாள் இலக்கம் 000 ஆகவோ, 367 முதல் 500க்குள்ளோ, 866க்கு மேலோ இருந்தால் அது எழுதியவர் விட்ட பிழை.

படிவங்களில் அதிகம் நடப்பது பக்கத்துப் பக்க இலக்கங்கள் இடம் மாறுவது. 727 என்பது 772 ஆனால் அதே பெண் செப்டெம்பர் 28இல் பிறந்தவராகிவிடுவார். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது, இரண்டிலும் 16தான் வரும். இரு எண்களையும் கழித்துப் பாருங்கள்: 45. 12 இலக்கங்களையும் சேர்த்துக் கழித்தால் அது 45 இலட்சம். இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். வகுபட்டாலே இடமாற்றம்தான் என்று முடிவு கட்ட முடியாது; வகுபடாவிட்டால் பிழை வேறெங்கோ இருக்கிறது. செக்ரோல் எனப்படும் தோட்டச் சம்பளப் பதிவேட்டின் கூட்டுத்தொகை இடிக்கும்போதும் இதே சோதனை உதவும். வங்கி அட்டை இலக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்கிக் கூட்டுவதும் இடமாற்றத்தைப் பிடிக்கத்தான். 09, 90 ஆக மாறுவது மட்டும் அதற்கும் தப்பிவிடும்.

கணினியில் ஏற்றுபவர்களுக்கு ஒன்று. எக்செலில் 12 இலக்கத்தை அப்படியே தட்டினால் 1.97473E+11 என்று சுருங்கி நிற்கும். எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கிய வடிவமே பதிவாகி, மீதி இலக்கங்கள் போய்விடும். 16 இலக்க வங்கி அட்டை எண்ணிலோ, 15க்கு மேல் தாங்காததால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். தட்டும் முன்பே அந்த நிரலை (கொலம்) 'டெக்ஸ்ட்' வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது.