டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினாலும் பாசி ஏன் வளர்கிறது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறதாம், கொளத்தூரில் வாங்கிய இரண்டு கோமாளி மீன்களும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் பாறை முழுக்கப் பச்சைப் பசேலென்று முடிப்பாசி. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். அப்படியென்றால் பாசி எதைத் தின்று வளர்கிறது?

பூஜ்யம் காட்டுவதே அந்தப் பாசியால்தான். டெஸ்ட் கிட் அளப்பது பாசி தின்றது போகத் தண்ணீரில் மிஞ்சிக் கரைந்திருப்பதை மட்டும். பந்தி முடிந்து வழித்துச் சாப்பிட்ட இலையைப் பார்த்துவிட்டு, இங்கே சோறே போடவில்லை என்று சொல்வது மாதிரி. மீன் தீனி, மீன் கழிவு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்ற சங்கிலி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸ். உலகெங்கும் உள்ள கடற்பாசிகளையும் கடற்புற்களையும் சேர்த்துப் பார்த்து அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 30 நைட்ரஜன் அணு, 550 கரிம அணு. எடையில் பார்த்தால் 1 கிராம் பாஸ்பரஸை வைத்துக்கொண்டு பாசி 200 கிராமுக்கு மேல் கரிமத்தை உடம்பில் சேர்த்துவிடும். கரிமத்துக்கும் பஞ்சமில்லை, காற்றிலிருந்து கரைந்து வந்துகொண்டே இருக்கிறது. தினமும் ஒரு சிட்டிகை தீனி கூடப் போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், சமையலறை ஆர்ஓ-வும் போதாது, அதில் குடிப்பதற்காகக் கொஞ்சம் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளை, விட்டுவைத்திருப்பார்கள். ஆர்ஓ-வுக்குப் பின்னால், மிஞ்சிய அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வைத்து டிடிஎஸ் பூஜ்யமாக்கிய பிறகுதான் உப்பைக் கலக்க வேண்டும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் வரும் பழுப்புத் தூசி டயாட்டம் என்ற நுண்பாசி, தண்ணீரில் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். அப்புறம் வெளிச்சம். வாஸ்துவுக்காகத் தொட்டியை ஈசானிய மூலையில் ஜன்னலை ஒட்டி வைக்கிறார்கள், காலை வெயில் நேராக விழுகிறது, பாசிக்கு நல்ல யோகம். மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்டம் கழிந்தது என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வந்தது கண்டமில்லை, அம்மோனியா.

சரி, பவளப்பாறைகளில் ஏன் இப்படிப் பாசி மண்டுவதில்லை? பாசி அங்கேயும் வளர்கிறது, அதுவும் வெகு வேகமாக. ஆனால் வளர வளர மீன்களும் கடல்முள்ளெலிகளும் அதை மேய்ந்துவிடுகின்றன. மேய்ப்பு நின்றால் என்ன ஆகும் என்பதை 1983-84-ல் கரீபியன் கடல் காட்டியது. பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோயில் நீள்முள் கடல்முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயின. மேய்கிற மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த, புயலிலும் அடிபட்டிருந்த ஜமைக்காவில், 1970-களின் கடைசியில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த பாறைகளில் 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதம்கூட மிஞ்சவில்லை, மற்றதெல்லாம் பாசி. அதனால் தொட்டிக்குப் பாசி மேயும் டர்போ நத்தை நாலைந்து அவசியம். ஆனால் நத்தை தின்றதைக் கழிவாகத் தொட்டிக்குள்ளேயேதான் போடும், பாஸ்பரஸ் எங்கும் போகவில்லை.

அதை வெளியே எடுப்பதற்கு எனக்கு மிகப் பிடித்த வழி, பாசியை வேறு இடத்தில் நன்றாக வளர்ப்பது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த வால்டர் ஏடி, கரீபியன் பாறைகளில் புல்தரை மாதிரிப் படரும் குட்டைப் பாசி எவ்வளவு விளைகிறது என்று அளந்துகொண்டிருந்தவர். அந்தப் பாசியையே வடிகட்டியாக வைத்து வாஷிங்டனில் ஒரு தொட்டிப் பவளப்பாறையை ஓட்டிக் காட்டினார், 1982-ல் காப்புரிமையும் வாங்கினார். அதில் சூட்சுமம் எங்கே என்றால், தண்ணீருக்குள் இருக்கும் எந்தப் பரப்பையும் ஒட்டி ஏறக்குறைய அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பம்ப் என்னதான் சுழற்றினாலும் அந்தக் கடைசித் தூரத்தைப் பாஸ்பேட் தானாக, தட்டுத்தடுமாறி, விரவல் மூலம்தான் கடக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கடக்க ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். படலம் பத்தில் ஒரு பங்காக மெலிந்தால் ஒரு நிமிடம் ஆகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, நேரம் தூரத்தின் இருபடியில் குறைகிறது, ஆறே விநாடி! ஏடி செய்தது ஒரு வாளியை அச்சில் மாட்டியது, அவ்வளவுதான். நிரம்பியதும் கவிழும், பாசி வளரும் வலைமேல் அலை அடிக்கும், படலம் கிழியும், பாசியிழைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதால் அடியில் இருப்பதற்கும் வெளிச்சம் கிடைக்கும்.

வீட்டில் வாளி வேண்டாம். சம்ப்பில், அதாவது மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில், சொரசொரப்பாக்கிய ஒரு பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிட்டு, பிளவு போட்ட பிவிசி குழாயிலிருந்து அதன்மேல் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வழியவிட்டு, பக்கத்திலேயே சிவப்பு எல்இடி வைத்தால் போதும். பாறையில் இருக்கும் பாசியைவிட இந்த வலைப்பாசி முந்திக்கொண்டு தின்னும், பாறைப்பாசி மெல்லப் பட்டினியில் இளைக்கும். வாரம் ஒருமுறை வலையைச் சுரண்டியே ஆக வேண்டும், விட்டுவிட்டால் அடிப்பாசி வெளிச்சமில்லாமல் அழுகி, தின்றதையெல்லாம் திருப்பிக் கக்கிவிடும். தொட்டி விளக்கு அணைந்த பிறகு ராத்திரியில் இதை எரியவிட்டால் பிஎச் விழுவதும் குறையும்.

ஏடி மாதிரி, பாறையில் எவ்வளவு பாசி விளைகிறது என்று அளக்க ஆராய்ச்சிப் பணம் கேட்டால், இதனால் யாருக்கு என்ன பயன் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். ஆனால் இதே முறையில் பின்னாளில் புளோரிடாவில் வயல்களிலிருந்து வழியும் உரத்தண்ணீரைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

வாசகருக்கு இன்னும் இரண்டு விஷயம். உண்மையான பூஜ்யத்தை நோக்கி ஓடாதீர்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிஜமாகவே வற்றினால் குமிழி கோத்த பழுப்புச் சளி மாதிரி டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரி வந்து உட்காரும், அதை விரட்டுவது முடிப்பாசியைவிடப் பல மடங்கு தொல்லை. கடைக்காரர் பாசிக்கொல்லி பாட்டிலை நீட்டினால், அதில் தாமிரம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், இருந்தால் பாசிக்கு முன்னால் உங்கள் நத்தைகள்தான் சாகும்.