லைட் வாங்கும் முன் டேப் எடுத்து அறையை அளந்துவிடுங்கள்

வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் எந்த கேமரா, எந்த லென்ஸ், எத்தனை லைட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அறை எத்தனை மீட்டர் நீளம், சுவரில் என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். கையில் கொஞ்சம்தான் பணம் என்றால் அது வீணாவது இங்கேதான்.

ஆளுக்கும் பின்னணித் துணிக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது விட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் துணியில் விழும், துணியின் சுருக்கங்களும் அப்படியே தெரியும். ஆளிடமிருந்து கேமராவுக்கு இன்னும் இரண்டு, இரண்டரை மீட்டர், அப்புறம் நீங்கள் நிற்கவும் இடம் வேண்டுமே. லென்ஸின் மி.மீ. எண் கூடக் கூட படத்தில் அடங்கும் இடம் குறுகும். மூன்று மீட்டர் அறைக்கு 85 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டு, முகத்தைத் தவிர வேறு எதுவும் ஃபிரேமில் அடங்கவில்லை என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார், உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸே ஃபுல் ஃபிரேம் கேமராவின் சுமார் 75 மி.மீ. லென்ஸ் அளவுக்குத்தான் காட்சியைக் காட்டும், போர்ட்ரெய்ட்டுக்கு அது தாராளம்.

சுவர் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். பெயிண்ட் அடிக்க முடியாதா, சரி, ஆளுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரில் வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.

லைட் ஒன்று போதும், ஆனால் அதை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை (லைட்டின் முன் மாட்டும், வெள்ளைத் துணி போட்ட பெட்டி) ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் நிழலின் ஓரம் மென்மையாக விழும், அதையே மூன்று மீட்டருக்குத் தள்ளினால் சின்ன பல்பு போலக் கடுமையாகிவிடும், வெளிச்சமும் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மறுபக்கம் இரண்டாவது லைட் எதற்கு? ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை போதும். நிழல் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் அதே இடத்தில் கறுப்புத் துணி. படம் எடுக்கும்போது அறையின் பல்புகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். ஸ்டுடியோ லைட் சுமார் 5,500 கெல்வின், மஞ்சள் வெளிச்சம் தரும் வீட்டு பல்பு 2,700 என்று கலந்துவிட்டால் ஒரு கன்னம் மஞ்சளாகும், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் எந்த ஒயிட் பேலன்ஸாலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. எல்இடி வாங்குவதானால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கு நூறு வரை போகும் மதிப்பெண்) 95க்குக் குறையாமல் பாருங்கள், தோலின் நிறம் அதில்தான் இருக்கிறது.

இதை யாரும் கேட்பதே இல்லை, நானாகச் சொல்கிறேன்: வீடு என்றால் குழந்தைகள் நடமாடும் இடம். ஒருமுறை, தவழ்ந்து வந்த ஒரு குழந்தை தரையில் கிடந்த வயரை இழுக்க, ஸ்டாண்டு சாஃப்ட்பாக்ஸோடு சாய்ந்தது, குழந்தையின் அம்மா எட்டிப் பிடித்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து மணல்மூட்டை கட்டாத ஸ்டாண்டில் நான் லைட்டை ஏற்றுவதில்லை. மூட்டை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பழைய பையில் மணல் நிரப்பினால் போதும். லைட் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டாண்டின் ஒரு கால் இருக்கட்டும், வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். சூடாகும் ஹாலஜன் மேல் துணி போடாதீர்கள். பழைய ஃபிளாஷ் பழுதானால் நீங்களே திறக்க வேண்டாம், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.